விரித்த கையில் வாங்கிய ஓலை: தீர்மானப் பதிவேடு எழுதுவோர் கவனத்திற்கு

பள்ளி அலுவலக அலமாரியில் பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, பார்வையாளர் பதிவேடு எனத் தலைமையாசிரியர் பொறுப்பில் இருப்பவை பல. அவற்றுக்கு நடுவே நிற்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. அது இருப்பது பள்ளி அலமாரியில். எழுதுபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். ஆனால் அதில் பேசுவது குழு. எழுதுபவர் அங்கே ஆசிரியராகவோ அலுவலராகவோ எழுதுவதில்லை, குழுவின் கையாக எழுதுகிறார்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகவே பல பள்ளிகளில் இந்த நோட்டு ஓர் இளம் ஆசிரியரிடம் வந்துவிடுகிறது. “டீச்சர், மினிட்ஸ் நீங்க எழுதிடுங்க” என்பதோடு நியமனம் முடிந்தது. எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது, யார் சொல்லி எழுத வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. போன மாதப் பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி எழுதுவதுதான் பயிற்சி. போன மாதப் பக்கம் அதற்கு முந்தைய மாதத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இப்படித்தான் சில பள்ளிகளில் ஆண்டு முழுவதற்கும் ஒரே தீர்மானம் தேதி மட்டும் மாறி நிற்கிறது.

இந்த வேலைக்கு நம் நாட்டில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. சமூக அறிவியல் ஆசிரியர்கள் அதை வகுப்பில் நடத்தியும் இருப்பார்கள். ஆனால் நாம் நடத்தும்போது பெரும்பாலும் குடத்தோடும் ஓலையோடும் நின்றுவிடுகிறோம். ஓலையை வாங்கிப் படித்தவரைக் கவனிப்பதில்லை.

உத்திரமேரூர் மத்தியஸ்தன்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. பொது ஆண்டுக் கணக்கில் அவை 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விவரிக்கின்றன. குடவோலை என்று நாம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஓலையை எடுப்பவன் விவரம் எதுவும் அறியாத ஒரு சிறுவன். அவன் எடுத்த ஓலையை வாங்குபவர் மத்தியஸ்தன். எப்படி வாங்க வேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது: ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை அவர் உரக்கப் படிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அவர் படித்த அதே ஓலையை அங்கே கூடியிருக்கும் நம்பிமார் எல்லாரும் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கப்பட்ட பெயரே பதிவாகும்.

ஐந்து விரலை விரிக்கச் சொன்னது ஏன் என்று யோசித்தால், இந்த விதியை எழுதியவர்கள் எவ்வளவு அனுபவப்பட்டவர்கள் என்று புரியும். மூடிய கையில் வேறோர் ஓலை இருக்கலாம். மத்தியஸ்தன் ஏமாற்றுக்காரர் என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. அப்படி நினைத்திருந்தால் அந்த வேலையையே அவரிடம் தந்திருக்க மாட்டார்கள். நம்பிக்கைக்குரியவர் என்றாலும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வர இடம் கொடுக்கக் கூடாது என்பதே ஏற்பாடு. அந்த விதி மத்தியஸ்தனுக்கும் பாதுகாப்பு. பின்னாளில் யாராவது “நீ மாற்றிப் படித்தாய்” என்றால் ஊரே அவருக்குச் சாட்சி.

கல்வெட்டின் முடிவில் அதை எழுதியவர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்: சபையில் இருந்த பெருமக்கள் பணிக்க, இந்த ஏற்பாட்டை எழுதினேன், மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன். தம் பெயரை மறைக்கவில்லை, எழுதியதற்குப் பொறுப்பேற்கிறார். அதே மூச்சில், இது என் முடிவன்று, சபை பணித்தது என்கிறார். தீர்மான ஏடு எழுதுபவரின் வேலையும் எல்லையும் அந்த ஒரு கையொப்ப வரியில் இருக்கின்றன. மத்தியஸ்தன் என்ற சொல்லின் பொருளும் நடுவில் நிற்பவன் என்பதே.

அந்தச் சபையைப் பற்றி வகுப்பில் பேசும்போது மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்கள்தாம் ஓலையில் இடம்பெற முடிந்தது. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அதில் இடமில்லை. அதன் நடைமுறை நேர்த்தியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டம் மாற்றிய பட்டியல்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21இல் அந்தப் பட்டியலைத் தலைகீழாக்கியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வரும் நிதி செலவாவதைக் கண்காணிப்பது ஆகியவை குழுவின் பணிகள். சட்டத்தையொட்டி மத்திய அரசு 2010இல் வெளியிட்ட விதிகள், மாதம் ஒருமுறையேனும் குழு கூட வேண்டும், நடவடிக்கைகளும் முடிவுகளும் முறையாகப் பதிவாக வேண்டும், அவை பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் இச்சட்டத்துக்கான மாநில விதிகள் 2011இல் வந்தன. 2022இலும் 2024இலும் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டு, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்திருக்கிறார்கள்.

‘பொதுமக்கள் பார்வைக்கு’ என்ற சொற்களை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 4, ஓர் அலுவலகத்தோடு சேர்ந்த குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தாமாகவே வெளியிடச் சொல்கிறது. ஆகவே “நோட்டைப் பார்க்கணும் சார்” என்று ஒரு தாய் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. எடுத்துக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

தலைமையாசிரியர் குழுவின் அமைப்பாளர். கூட்டத்தைக் கூட்டுவதும் விதிகளை எடுத்துச் சொல்வதும் தீர்மானத்தை நிறைவேற்ற ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பு. கூட்டத்தை நடத்துபவரோ பெற்றோரில் ஒருவரான தலைவர். ஏடு எழுதும் ஆசிரியர் குழுவின் உறுப்பினராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுப்பினர் என்றால் பேசலாம், வாக்களிக்கலாம். இல்லையென்றால் அவருக்குக் காதும் கையும் மட்டுமே வேலை. கேட்டால் விவரம் சொல்லலாம். எழுதத் தொடங்குமுன் தாம் இதில் எந்த வகை என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் இருப்பதால் வரும் குழப்பம் சிறிதன்று. பேச்சு நடக்கும்போது குறுக்கே புகுந்து “அதெல்லாம் முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு, பிறகு “குழு ஏற்கவில்லை” என்று எழுதுகிற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

பேசியதா, முடிவு செய்ததா?

புதிதாக எழுதுபவர் படும் பெரிய திண்டாட்டம் இதுதான். நாற்பது நிமிடம் எல்லாரும் பேசுகிறார்கள். எவ்வளவு எழுதுவது? அமெரிக்கரான ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிகள் நூல் இன்றும் உலகெங்கும் சங்கங்களில் பயன்படுகிறது. கூட்டத்தில் என்ன செய்யப்பட்டது என்பதே குறிப்பில் இடம்பெற வேண்டும், யார் என்ன பேசினார் என்பதன்று என்ற வழக்கம் அந்த மரபில் வருவது.

இதற்கு ஒரு நல்ல வரலாற்று எடுத்துக்காட்டு இருக்கிறது. 1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்பை உருவாக்கக் கூடிய மாநாட்டுக்கு வில்லியம் ஜாக்சன் என்பவர் செயலர். அவர் மாநாட்டின் உறுப்பினர் அல்லர். அவருடைய ஏட்டில் முன்மொழிவுகளும் வாக்குகளும் மட்டுமே உள்ளன. 1819இல் அது அச்சாகியது. அதே அறையில் உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் மாடிசன் தமக்காக விரிவாகக் குறிப்பெடுத்தார். அவர் இறந்தபின் 1840இல் அவை வெளிவந்தன. வரலாற்று மாணவருக்கு மாடிசன் குறிப்புகளே சுவையானவை. ஆனால் மாடிசன் பிற்காலத்தில் தம் குறிப்புகளைப் பல இடங்களில் திருத்தினார் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். தனி மனிதரின் குறிப்பு என்பதால் அவர் அப்படிச் செய்ய முடிந்தது. ஜாக்சனின் ஏடு மாநாட்டுக்குச் சொந்தம். அதில் பின்னாளில் ஒரு வாக்கைக்கூட யாரும் தம் விருப்பத்துக்குச் சேர்க்க முடியாது. நாம் எழுதுவது ஜாக்சன் ஏடு. மாடிசன் குறிப்பு எழுத ஆசைப்படுபவர் தனி நோட்டு வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக எல்லாவற்றையும் உதறிவிடவும் முடியாது. அன்னவாசல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பள்ளியும் கூட்டமும் கற்பனைதான். பேச்சு நமக்குப் பழகியது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, மோட்டார் எரிந்து கிடக்கிறது. ஒரு தாய் சொல்கிறார்: “மத்தியானத்துக்கு மேல எம்புள்ள தண்ணியே குடிக்க மாட்டேங்குது சார், போக எடமில்லைன்னு.” இன்னொருவர், ஆடுமாடு உள்ளே வருகிறது, இருக்கிற பணத்தில் முதலில் வேலி போடுங்கள் என்கிறார். பேச்சு நீள்கிறது. தலைவர் கை தூக்கச் சொல்கிறார். மோட்டாருக்கு 11, வேலிக்கு 3.

வழக்கமான நோட்டில் இது இப்படி விழும்: “பள்ளியின் அடிப்படை வசதிகள் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. பள்ளி வளர்ச்சிக்கு ஒத்துழைப்பதாக அனைவரும் ஏகமனதாகத் தெரிவித்தனர்.” இதில் பொய் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம். ஆனால் அந்தத் தாய் பேசியதன் தடயமே இல்லை. மோட்டாரை யார் சரிசெய்வது என்று அடுத்த மாதம் கேட்க இதில் பிடி எதுவும் கிடையாது.

எழுத வேண்டியது இது: “பொருள் 3. மாணவியர் கழிப்பறைத் தண்ணீர் வசதி. மோட்டார் பழுதானதால் மாணவியர் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதாகப் பெற்றோர் தெரிவித்தனர். பள்ளி நிதியிலிருந்து மோட்டாரை முதலில் பழுதுபார்ப்பது என 11 பேர் ஆதரவுடன் தீர்மானிக்கப்பட்டது. 3 பேர் வேலிப் பணிக்கு முன்னுரிமை கோரினர். பொறுப்பு: தலைவர், தலைமையாசிரியர். இம்மாதம் 20ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். வேலி குறித்து ஊராட்சிக்குக் கடிதம் அனுப்பப்படும்.” ஏழு வாக்கியம். காரணம் ஒரே வரியில் இருக்கிறது, முடிவு இருக்கிறது, எதிர்த்தவர் எண்ணிக்கை இருக்கிறது, யார், எப்போது என்பதும் இருக்கிறது. யார் அழுதார், யார் கோபப்பட்டார் என்பது இல்லை. அது வேண்டியதும் இல்லை.

‘ஏகமனதாக’ என்ற சொல்லை நம் நோட்டுகளில் முத்திரை போலக் குத்திவிடுகிறோம். ஒருவர் எதிர்த்திருந்தாலும் அந்தச் சொல் பொய். எதிர்ப்பைப் பதிவு செய்தால் குழுவில் பிளவு என்று மேலே நினைப்பார்களோ என்ற பயம் இதற்குக் காரணமாக இருக்கலாம். எதிர்த்தவர் தம் பெயரைக் குறிக்கச் சொன்னால் குறிக்க வேண்டும். தோற்ற கருத்துக்கும் ஏட்டில் ஒரு வரி இடம் கிடைக்கும் என்று தெரிந்தவர்தான் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

எழுத்தாளரின் நடை திறமைக்கும் இங்கே எல்லை உண்டு. “தலைவர் தம் சீரிய உரையில்”, “உறுப்பினரின் தேவையற்ற கேள்விக்கு” போன்ற அடைகள் குழுவின் முடிவல்ல, எழுதுபவரின் மதிப்பீடு. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: இந்த ஒரு நோட்டில் பெயரடை குறைந்தால் நல்லது.

வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து

கூட்டம் தொடங்கும்போதே நோட்டைச் சுற்றில் விடுகிறோம். வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். மேலே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு, சில நேரம் மறுநாள், அந்தக் காலியிடம் நிரப்பப்படுகிறது. நேரமில்லை என்பது உண்மையான காரணமாகவே இருக்கலாம். நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர், ஆட்டை அவிழ்த்து விட்டு வந்தவர் என எல்லாருக்கும் அவசரம். ஆனாலும் ஒருவர் தம் வருகைக்கு இட்ட கையெழுத்து, அவர் படிக்காத ஒரு தீர்மானத்துக்கு ஒப்புதலாக மாறிவிடுகிறது. விரல்கள் மூடிக்கொண்ட கை இது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது கூடுதலாக உறுத்த வேண்டும். நம் வட்டாரக் கோயில் சுவர்களில் ஊராரும் நாட்டாரும் கூடி எடுத்த முடிவுகள் ஏராளமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தன் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் கடைசியில் இன்னார் எழுத்து, இன்னார் எழுத்து என்று வரிசையாக ஒப்பம் வரும். எழுதத் தெரியாதவர் ஒரு குறி இடுவார். அதற்குத் தற்குறி என்று பெயர். அது இன்னாருடைய குறிதான் என்று எழுதத் தெரிந்த இன்னொருவர் சான்றளிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் தெரிந்தே ஒப்ப வைக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது. ‘தற்குறி’ பின்னாளில் வசைச்சொல் ஆனது வேறு கதை.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்ற அந்த இயக்கத்தில் கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் மாலையில் வந்து எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதை நாடே படித்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். இன்று நம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பாட்டிமார் அவர்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது, கைநாட்டுக் காலத்துக்கே அவரைத் திருப்பி அனுப்புவதுதான்.

மாற்று வழி கடினமானதன்று. வருகைக் கையெழுத்துக்குத் தனிப் பகுதி. அதன் கீழே கோடு. ஒவ்வொரு பொருளும் முடிந்தவுடன் தீர்மானத்தை அங்கேயே இரண்டு மூன்று வரியில் எழுதி, உரக்கப் படிக்க வேண்டும். “நான் சொன்னது அது இல்லையே டீச்சர்” என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்தலாம். கடைசி வரியின் கீழ்தான் தலைவரும் மற்றவர்களும் ஒப்பமிட வேண்டும். நடுவில் காலியிடம் இருந்தால் குறுக்குக் கோடு. பக்கங்களுக்கு முன்னதாகவே எண்ணிட்டிருக்க வேண்டும். வெள்ளை மை வேண்டாம்; தவறானதை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுவது போதும். படிக்கச் சிரமப்படும் உறுப்பினருக்காக ஒருமுறைக்கு இருமுறை படித்துக் காட்டினால் ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

செயலியில் ஏற்றுவதற்கும் இதே அளவுகோல்தான். கூட்டத்தில் படித்து ஏற்கப்பட்ட வாசகமே செயலிக்குப் போக வேண்டும். நோட்டில் ஒன்று, கைபேசியில் ஒன்று என்றால் எது குழுவின் முடிவு என்ற கேள்வி வரும்.

எழுதுபவரே பேசுபொருள் ஆனால்

கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, “ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அடிக்கடி லீவு போடுறாங்க” என்கிறார். பேனா பிடித்திருப்பவர் அதே டீச்சர். ஆசிரியர் ஒழுங்காகவும் நேரத்துக்கும் பள்ளிக்கு வர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 24இல் இருக்கிறது. குழு அதைக் கேட்க முடியும். ஆசிரியருக்குப் பதில் சொல்ல உரிமை உண்டு; மருத்துவ விடுப்பாக இருக்கலாம், பயிற்சிக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். ஆனால் பதில் சொல்வதும் அந்தப் பொருளை ஏட்டில் எழுதுவதும் ஒருவரே செய்யக் கூடாது. அந்த ஒரு பொருளுக்கு மட்டும் நோட்டை வேறோர் உறுப்பினரிடம் கொடுத்துவிட்டு, “பொருள் 5ஐ இன்னார் எழுதினார்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஊரில் பட்டம் படித்த தாய்மார் இன்று பல குழுக்களில் இருக்கிறார்கள். குற்றச்சாட்டை மென்மையாக்கி எழுதினால் சந்தேகம். கடுமையாக எழுதினால் நமக்கே கேடு. இரண்டிலிருந்தும் தப்ப இதுவே வழி.

இன்னொரு சிக்கல், குழுவே தவறான முடிவு எடுப்பது. தாமதமாக வரும் மாணவருக்கு அபராதம் போடலாம், சேட்டை செய்பவனை வெயிலில் நிறுத்தலாம், வெளியூர்ப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்றெல்லாம் ஆர்வத்தில் தீர்மானம் வரும். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சட்டத்தின் பிரிவு 17 தடை செய்கிறது. இதை வாக்கெடுப்புக்கு முன்பே எடுத்துச் சொல்வது அமைப்பாளரான தலைமையாசிரியரின் கடமை. சொன்ன பிறகும் குழு நிறைவேற்றினால் ஏடு எழுதுபவர் என்ன செய்வது? சிலர் அந்தத் தீர்மானத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் நல்லெண்ணத்தோடு மாற்றி எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. நிறைவேறியது நிறைவேறியபடியே இருக்க வேண்டும். அதன் கீழேயே, “இது சட்டப் பிரிவு 17க்கு முரணானது எனத் தலைமையாசிரியர் எடுத்துரைத்தார்” என்றும் இருக்க வேண்டும். செயல்படுத்த மறுப்பதும் மேலதிகாரிக்குத் தெரிவிப்பதும் தலைமையாசிரியர் வேலை. அதற்கு இந்த இரண்டு வரிதான் அவருக்கு ஆதாரம். எழுதுபவருக்குத் தடுப்பாணை போடும் அதிகாரம் கிடையாது.

எழுதக் கூடாதவை

ஏடு பொதுப் பார்வைக்கு உரியது என்பதால் சிலவற்றை அதில் எழுதக் கூடாது. இடைநின்ற மாணவியைப் பற்றிப் பேசும்போது அவள் குடும்பச் சூழல், சாதி, நோய், தந்தையின் குடிப்பழக்கம் எல்லாம் கூட்டத்தில் வந்து விழும். ஏட்டுக்கு வேண்டியது, இடைநின்ற 2 மாணவியரை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவர இன்னார் வீட்டுக்குச் செல்வது என்பது மட்டுமே. பெயர் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும்.

குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி ஒரு சொல் காதில் விழுந்தாலும் அது தீர்மானத்துக்குரிய பொருளே அன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 19இன்படி, தெரிந்தவர் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் பிரிவு 21இன்படி தண்டனை உண்டு. குழந்தை உதவி எண் 1098. “அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்” என்ற வரி அங்கே எழுதப்பட்டால் அதுவே குற்றத்துக்குச் சான்றாக நிற்கும். குழந்தையை அடையாளம் காட்டும் எந்தச் சொல்லும் ஏட்டில் வரக் கூடாது.

உறுதி செய்வது என்றால்

அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், சென்ற கூட்ட நடவடிக்கைகளை வாசித்து உறுதி செய்தல். நாம் இதை வாசிக்காமலே ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுகிறோம். இங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றே: அன்று முடிவு செய்ததைச் சரியாக எழுதியிருக்கிறதா? அந்த முடிவு சரியா என்ற கேள்வி இங்கே வராது. வேலிக்காரர் மறுபடி எழுந்து, “மோட்டார் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்” என்றால், அவருடைய மறுப்பு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக் காட்டலாம். முடிவை மாற்ற வேண்டுமென்றால் தனிப் பொருளாகக் கொண்டுவரச் சொல்லலாம். எழுத்தில் பிழை என்றால் குழு சொல்லித் திருத்த வேண்டும். எழுதியவர் வீட்டில் உட்கார்ந்து திருத்தக் கூடாது, எழுத்துப்பிழையாகவே இருந்தாலும்.

அதை அடுத்து, போன தீர்மானங்கள் என்ன ஆயின என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மோட்டார் 20ஆம் தேதிக்குள் சரியாகவில்லை என்றால் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று மழுப்பாமல், ஏன் ஆகவில்லை, எப்போது ஆகும் என்று எழுத வேண்டும். இந்தப் பகுதிதான் பெற்றோர் கூர்ந்து கேட்கும் பகுதி.

வகுப்பறையில்

குடவோலைப் பாடத்தை நடத்தும்போது இதைச் செய்து பார்க்கலாம். வகுப்பு நூலகப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுக் குலுக்குங்கள். ஒரு மாணவி மத்தியஸ்தர். விரித்த கையில் வாங்கிப் படிக்க வேண்டும், மூன்று பேர் சரிபார்க்க வேண்டும், பிறகு இன்னொரு மாணவர் எழுத வேண்டும். அடுத்ததாக, நூலகப் புத்தகத்தை எத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பத்து நிமிடம் விவாதிக்கவிட்டு, நான்கு மாணவரைத் தனித்தனியே நடவடிக்கைக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். நான்கையும் படித்தால் நான்கு கூட்டம் நடந்தது போலிருக்கும். எது நடந்ததை எழுதியது, எது எழுதியவர் விரும்பியதை எழுதியது என்று வகுப்பே பிரித்துச் சொல்லிவிடும். இலக்கிய மன்றச் செயலராக இருக்கும் மாணவருக்கு இந்தப் பயிற்சி உடனே கைகொடுக்கும். பெண் குழந்தைகளுக்கே எப்போதும் எழுதும் வேலையைத் தராமல், தலைமை தாங்கும் முறையும் அவர்களுக்கு வரும்படி பார்த்துக்கொள்ளலாம்.

இடமாறுதல் வரும்போது

உத்திரமேரூர்க் கல்வெட்டில் கணக்கெழுதுபவருக்கு ஒரு விதி உண்டு. தாம் எழுதிய கணக்கைத் தாமே சபை முன் காட்ட வேண்டும். வேறொருவர் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. காட்டி, நேர்மையானவர் என்று தெளிந்த பிறகே அவருக்கு மறுபடி அந்தப் பொறுப்பு கிடைக்கும். கலந்தாய்வு முடிந்து மாறுதல் ஆணை கையில் வந்ததும் நாம் பதிவேடுகளை ஒப்படைக்கிறோம். தீர்மானப் பதிவேட்டை அந்தப் பட்டியலில் ஒரு வரியாக முடித்துவிடாமல், கடைசிக் கூட்டத்தில் தலைவர் முன்னிலையில் ஒப்படைப்பது நல்லது: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எழுதியது, எத்தனை பக்கம், நிறைவேறாமல் நிற்கும் தீர்மானங்கள் எவை என்று எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் தலைவரும் ஒப்பமிட வேண்டும். புதிதாக வருபவர் முதல் நாள் திறக்க வேண்டிய பக்கம் அது.